பழைய ஸ்பீக்கர் பெட்டி: நாமே பொலிஷ் போடுவதா, ஓடாவியிடம் கொடுப்பதா?

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மர ஸ்பீக்கர் சோடி மங்கிவிட்டது. மேலே தேநீர்க் கோப்பை வைத்த வெள்ளை வளையமும் இருக்கிறது. மெஷின் வைத்துத் தேய்க்கலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் பெட்டியைத் திருப்பி, பக்கப் பலகை பின்னால் முடிகிற விளிம்பை டோர்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே தெரிவது மரத்தூளை அழுத்திய பலகை. அதன் ஓரத்தில் மெல்லிய கோடாக ஒட்டியிருப்பதுதான் உண்மையான மரம். அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். மூலையில் மெஷின் ஒரு கணம் கூடுதலாக நின்றாலும் போய்விடும். போனது திரும்பி வராது. மர ரேகைகள் ஒரே கோலத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்த பிளாஸ்டிக் தாள். ஈரத்துணியால் துடையுங்கள், அவ்வளவுதான்.

மரம்தான் என்றால், கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு ஒட்டிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட் பட்டும் படாமலும் இருக்கிற துணியால் வளையத்தின் மேல் ஒருமுறை இழுத்தால், பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். இதை நீங்களே செய்யலாம். பஞ்சில் ஒன்றும் ஒட்டாவிட்டால் அது வேறு பூச்சு, கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

காத்தான்குடி: டிசம்பரில்தான் எனக்கு விடுமுறை. அப்போது பொலிஷ் போடலாமா?

மாரி மழையில் போடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். பொலிஷ் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களே நல்லவை. ஆனால் முற்றத்தில் வேண்டாம், மணல் ஒட்டும். காலையில் காற்று எழும்புமுன் உள்ளறையில் முடித்துவிடுங்கள்.

கல்முனை: வெள்ளத்தில் நின்ற பெட்டி. அடிப்பலகை ஊறிப் பாண்போல உப்பியிருக்கிறது.

தூள்பலகை உப்பினால் பழைய நிலைக்கு வராது. எந்தப் பொலிஷுக்கும் காசு செலவழிக்காதீர்கள். புதுப்பெட்டி அடிப்பியுங்கள், உள்ளளவும் பெட்டி ஓட்டைக்குள் இருக்கும் குழாயின் நீளமும் மட்டும் மாறக்கூடாது. அவை மாறினால் அடித்தொனி (பேஸ்) கெடும்.

ஏறாவூர்: பின்பக்க ஓட்டையால் பல்லி போகிறது. அடைக்கலாமா?

அடைக்காதீர்கள். அடித்தொனிக்காக வைத்த வழி அது. நுளம்புவலைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், போதும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை: ஐயா, மேல்மரம் மூலையில் கிழிந்து எழும்பிவிட்டது. ஓடாவியிடம் கொடுக்கிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது?

சரியான முடிவு, தங்கச்சி. கிழிசலுக்கு ரேகை பார்த்து ஒட்டுவது பழகிய கை செய்யும் வேலை. ஆனால் ஸ்பீக்கர்களைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுங்கள். என் மாமாவின் சோடியைக் கழற்றாமலே ஸ்பிரே அடித்துவிட்டார்கள். தாள் கூம்பில் வார்னிஷ் படிந்து விறைத்து, அந்தக் குரல் அதோடு போனது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை. கழற்றுமுன் எந்த வயர் எந்த முனை என்று டேப் ஒட்டி எழுதுங்கள். கழற்றியதை மூடிய பெட்டியில் வையுங்கள். இரும்புத்தூள் பக்கத்தில் இருந்தால் காந்தம் இழுத்துக்கொள்ளும். இரண்டு பெட்டிக்கும் ஒரே கலவையை ஒரே நாளில் போடச் சொல்லுங்கள். முதலில் பின்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் போட்டுக் காய்ந்த நிறத்தைப் பார்த்துவிட்டே சம்மதியுங்கள்.

வாழைச்சேனை: லின்சீட் எண்ணெய் பூசினால் போதுமா?

அரக்கோ வார்னிஷோ இல்லாத வெறும் மரத்துக்கு அழகாக இருக்கும். மெல்லியதாகப் பூசி, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. எண்ணெய் காயும் சூட்டில் அது தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.