அல்சாஸ் திராட்சைச் சாலையில் மூன்று நாள்

கேள்வி: மே மாதம் இரண்டாம் வாரத்தில், பாரிஸில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் குடும்பத்துடன் செல்கிறோம். அங்கிருந்து மூன்று நாள் மட்டும் கிழக்கு பிரான்ஸில் உள்ள அல்சாஸ் பகுதியின் திராட்சைச் சாலையில் காரில் சுற்றிவர எண்ணம். கணவர் பதினொரு ஊர்களைப் பட்டியலிட்டிருக்கிறார்; ஒயின் நிலவறைகளில் சுவைத்துப் பார்க்கவும் அவருக்கு ஆசை. கம்பத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியாரோ (வயது 66, சைவம், மூட்டு வலி உண்டு), "குடிக்கிற ஊருக்குப் பிள்ளைகளை எதற்கு அழைத்துப் போகிறீர்கள்?" என்கிறார். பிள்ளைகளுக்கு ஏழு வயதும் பதினொரு வயதும் ஆகின்றன. எப்படித் திட்டமிடுவது?

– வாசகி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தை மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் அவர்தான். அல்சாஸைக் குடிக்கிற ஊர் என்று சொல்வதைவிடத் திராட்சை விவசாயிகளின் ஊர் என்று அவரிடம் சொல்லுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்து நிற்பதுபோல அங்கே வோஸ்ஜ் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், அதன் கிழக்குச் சரிவில் இருக்கும் கொல்மார் நகரம் பிரான்ஸிலேயே மிகக் குறைவாக மழை பெறும் இடங்களுள் ஒன்றாக இருக்கிறது. அந்த வறண்ட, வெயில் படும் சரிவுதான் கொடிகளுக்கு ஏற்ற நிலம். கம்பத்தில் தலைக்கு மேல் பந்தலில் படரும் கொடியை அங்கே கம்பி கட்டி நிமிர்த்தி, சரிவில் வரிசையாக வளர்க்கிறார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் ஆண்டு முழுவதும் மாறி மாறி அறுவடை காணும் பள்ளத்தாக்கிலிருந்து வருபவருக்கு, பெரும்பாலும் பாசனமே இல்லாமல், குளிர்காலம் முழுவதும் மொட்டையாக உறங்கிவிட்டு ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கும் கொடி வியப்பாகத்தான் இருக்கும். கவாத்தைப் பற்றி அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு அந்த ஊர் விவசாயி அரைமணி நேரம் பதில் சொல்வார். மொழிபெயர்க்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் விட்டுவிடலாம்.

பிள்ளைகளிடம் ஒன்றை இப்போதே சொல்லிவிடுங்கள்: மே மாதத்தில் குலைகள் இருக்காது. ஜூனில்தான் பூக்கும், செப்டம்பர் வாக்கில்தான் அறுவடை. நீங்கள் போகும் நேரத்தில் இளந்தளிர்தான் இருக்கும். மே நடுப்பகுதி வரை இரவு உறைபனி அந்தத் தளிரைக் கருக்கிவிடுமோ என்ற அச்சமும் விவசாயிகளுக்கு இருக்கும். குலை இல்லாத குறையைச் செங்கால் நாரைகள் தீர்த்துவிடும். 1970களில் அல்சாஸில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அருகிவிட்ட இந்தப் பறவையை உனாவீர் கிராமத்தில் 1976இல் தொடங்கிய காப்பகம் மீட்டெடுத்தது. இன்று கூரைகளிலும் கோபுரங்களிலும் வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிய கூடுகளைக் காணலாம், மே மாதத்தில் அவற்றில் குஞ்சுகளும் இருக்கும்.

இனி உங்கள் கணவரின் பட்டியல். 1953இல் தொடங்கப்பட்ட இந்தச் சாலை வடக்கே மார்லன்ஹைமிலிருந்து தெற்கே 'தான்' (Thann) என்ற நகரம் வரை சுமார் 170 கிலோமீட்டர் நீளம் கொண்டது. தூரம் குறைவுதானே என்று பதினொரு ஊர்களைச் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கட்டணம் செலுத்தி, கருங்கல் பாவிய தெருவில் மூட்டு வலியுள்ள ஒருவருடன் நடந்து திரும்பும்போது, மூன்றாவது ஊருக்குள் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள். மரச்சட்டமிட்ட வீடுகளும் பூந்தொட்டிகளும் எல்லா ஊரிலும் உண்டு. மூன்று ஊர்களை நிதானமாகப் பாருங்கள், போதும்.

பாரிஸிலிருந்து காரில் போகவே வேண்டாம். அல்சாஸின் முக்கிய நகரமான ஸ்த்ராஸ்பூர் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று பயணத்தின் பெரும்பகுதியை நெடுஞ்சாலையே விழுங்கிவிடும். பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கும். அங்கே வாடகைக் காரை எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கியர் தானாக மாறும் வண்டி வேண்டுமென்று முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கையால் கியர் மாற்றும் வண்டியே பெரும்பாலும் கிடைக்கும். வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவருக்கு இரண்டு சுமையும் ஒரே நாளில் வேண்டாம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உரிய இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால் இளையவருக்கு அதையும் கேட்டு வாங்குங்கள். கிராமத்துச் சந்திப்புகளில் பலகை எதுவும் இல்லையென்றால், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முதலுரிமை. அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும் நின்று வழிவிட வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை மதுரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இப்போதே பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்குவதற்குக் கொல்மாரை அடுத்துள்ள துர்கைம் என் தேர்வு. சிறிய ஊர், மதிலைத் தாண்டியதும் கொடிகள். கோடைப் பருவ இரவுகளில் பத்து மணிக்கு, விளக்கும் ஈட்டியும் ஏந்திய காவலர் பழைய வழக்கப்படி பாடிக்கொண்டே தெருக்களைச் சுற்றி வருவார். அன்று மட்டும் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள். சமையலறையுடன் கூடிய வீடாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், உணவகங்களிலோ மதியம் இரண்டு மணிக்குப் பிறகு ஏழு மணி வரை சாப்பாடு கிடைப்பது அரிது. அந்தப் பகுதியின் புகழ்பெற்ற மெல்லிய ரொட்டியான ஃப்லாம்கூஷில் பாலேட்டுடனும் வெங்காயத்துடனும் பன்றி இறைச்சித் துண்டுகளும் இருக்கும். "சான் லார்தோன்" என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் செய்து தருவார்கள். மாமியாருக்குப் பருப்புப் பொடியும் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலை உனாவீரில் நாரைகளையும், கொடிகளுக்கு நடுவே மதில் சூழ நிற்கும் பழைய தேவாலயத்தையும் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ரிக்வீருக்குச் செல்லுங்கள், மாலையில் எகிஷைம். மூன்றாம் நாள், ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் 1900க்கும் 1908க்கும் இடையே புதுப்பித்த ஓ-கெனிக்ஸ்பூர் கோட்டை. அங்கே படிகள் மிகுதி என்பதால், நீங்கள் பிள்ளைகளுடன் கோட்டையைப் பார்க்கும் நேரத்தில் மாமியார் உங்கள் கணவரோடு கீழே இருக்கட்டும். அருகில் உள்ள குரங்கு மலையில் பார்பரிக் குரங்குகள் காட்டில் சுதந்திரமாகத் திரிகின்றன, அங்கே எல்லோரும் சேர்ந்து போகலாம். அங்கிருந்து ஸ்த்ராஸ்பூர் ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான்.

கணவரின் ஆசைக்கு நான் தடை சொல்லவில்லை, ஆனால் ஓட்டுபவர் அவர் ஒருவர்தான். பிரான்ஸில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராமை எட்டினாலே குற்றம். நிலவறையில் ஊற்றித் தரும் சிறு சிறு கோப்பைகள் கணக்குத் தெரியாமல் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், அதை யாரும் அவமதிப்பாக நினைப்பதில்லை. அதைவிட நல்ல வழி, முதல் நாள் மாலை வண்டியை நிறுத்திச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு, துர்கைமிலேயே ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலவறைக்கு அவர் நடந்து போவதுதான். முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போகட்டும், வரும்போது ஒரு புட்டியாவது வாங்கிக்கொண்டு வரட்டும். பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு பிழிந்து விற்கும் வீடுகளும் உண்டு, மாமியாரும் அதைக் குடிக்கலாம்.

மே 1, மே 8, இயேசு விண்ணேற்ற நாள் ஆகியவை அங்கே விடுமுறை. அவற்றை ஒட்டிய வாரக் கடைசியில் வீடும் ரயில் இருக்கையும் கிடைக்காது. செவ்வாய் புறப்பட்டு வியாழன் திரும்புவதுபோல நாளை அமைத்து, அந்த வியாழன் விண்ணேற்ற நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டு, இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.