பானெட்டில் கல் தெறித்த புள்ளிகள்: செராமிக் கோட்டிங் போதுமா?

கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துபவரின் கேள்வி இது. போதாது. செராமிக் கோட்டிங் என்பது பெயிண்ட் மேல் பூசும் திரவப் பூச்சு, சில மைக்ரான் கனம்தான். அழுக்கு எளிதில் ஒட்டாது, அவ்வளவே. கல்லடியைத் தாங்க 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பிபிஎஃப் (பெயிண்ட்டைக் காக்க ஒட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக்) படலம் வேண்டும். விலை கொஞ்சம் வலிக்கும். பானெட்டின் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டினால்கூடப் போதும் என்பேன். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது.

ஏற்கெனவே விழுந்த புள்ளியை வெயிலில் உற்றுப் பாருங்கள். குழிக்குள் மங்கலான சாம்பல் தெரிந்தால் பிரைமர் (பெயிண்ட்டுக்கு அடியிலுள்ள முதல் பூச்சு) மிச்சம் இருக்கலாம். தகரம் பளபளத்தால் தள்ளிப்போடாதீர்கள். உப்புக்காற்றில் துரு பெயிண்ட்டுக்கு அடியிலேயே பரவும். பழுப்பு ஏறியிருந்தால் சுரண்டி, பிரைமர் தொட்டு, காய்ந்தபின் டச்-அப் பெயிண்ட். துருவின் மேலேயே பூசினால் கொப்புளம் கிளம்பும்.

அப்புறம், கதவின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகள்! அண்டர்பாடி கோட்டிங் (காரின் அடிப்பக்கத்துக்கான துருத்தடுப்புப் பூச்சு) அடிக்கும்போது அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவதுண்டு. உள்ளே தேங்கும் தண்ணீர் கதவை உள்ளிருந்தே அரிக்கும்.