கேளுங்கள், சொல்கிறோம்: முப்பது அடுக்கைத் தாங்கும் தாள்

கேள்வி: கடையில் வாங்கிய 15 செ.மீ. ஒரிகாமி தாளில் கொக்கு, தவளை எல்லாம் அழகாக வருகின்றன. ஆறு காலும் கொம்பும் உள்ள வண்டை மடிக்கப் போனால் கால் தடித்துவிடுகிறது, மடிப்பில் வெள்ளை தெரிகிறது, கடைசியில் கிழிந்தும் விடுகிறது. வேறு எந்தத் தாள் வாங்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கையில் குறை இல்லை. இந்த வேலைக்கு அந்தத் தாள் போதாது. அது பெரும்பாலும் 60 முதல் 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் கொண்டது. கால் நுனியில் 20, 30 அடுக்குகள் சேரும் மாதிரிகள் உண்டு. ஒரு தாள் 0.1 மி.மீ. தடிமன் என்று வைத்தாலும் 30 அடுக்குக்கு 3 மி.மீ. ஆகிவிடும். மாதிரியின் வரைபடம் தாளின் பக்கத்தை 32 கட்டங்களாகப் பிரிக்கச் சொன்னால், 15 செ.மீ. தாளில் ஒரு கட்டம் 5 மி.மீ. கூட வராது. அவ்வளவு குறுகிய இடத்தில் 3 மி.மீ. தடிப்பை எப்படி மடிப்பது?

வெள்ளை தெரியக் காரணம், நிறம் ஒரு பக்கத்தில் பூச்சாக மட்டுமே இருப்பது. அழுத்தி மடித்தால் பூச்சு வெடிக்கும். கிழிவதற்குக் காரணம் நார். சாதாரணத் தாளின் மரக்கூழ் நார் 1 முதல் 3 மி.மீ. நீளம்தான். ஜப்பானியக் கைத்தாளில் இருக்கும் கோசோ (ஒருவகை மல்பெரிப் பட்டை) நார் 10 மி.மீ. அளவுக்கு நீளமானது. ஒரே இடத்தில் பலமுறை மடித்தாலும் அது பிடித்து நிற்கும்.

ஆகவே 30 முதல் 45 ஜி.எஸ்.எம். கனத்தில், 40 செ.மீ. பக்கமுள்ள தாளை எடுங்கள். அதே கட்டம் 12.5 மி.மீ. ஆகும், விரலுக்கு இடம் கிடைக்கும். செதில் செதிலாக மடிக்கும், ஜப்பானிய ஒரிகாமி கலைஞர் சதோஷி கமியாவின் ரியூஜின் 3.5 டிராகனுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பக்க அளவுள்ள தாள் எடுப்பவர்கள் உண்டு. நல்ல தாளைத் தொடுமுன், பிளாஸ்டிக் பூச்சில்லாத பிரவுன் தாளில் ஒருமுறை முழுதாக மடித்துப் பாருங்கள்.

கேள்வி: டிஷ்யூ ஃபாயில், இரட்டை டிஷ்யூ என்கிறார்களே, எது நல்லது? வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: செய்யலாம். டிஷ்யூ ஃபாயில் என்பது சமையலறை அலுமினியத் தாளின் இரு பக்கமும் ஸ்ப்ரே பசையால் டிஷ்யூ ஒட்டியது. வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும் என்பதால் பூச்சிக் கால்களுக்கு ஏற்றது. ஆனால் ஒருமுறை விழுந்த கோடு மறையாது. மலை மடிப்பை (மேல்நோக்கி எழும் மடிப்பு) பள்ளத்தாக்கு மடிப்பாக (உள்நோக்கி இறங்குவது) மாற்ற முயன்றால் முரண்டும். பல கோடுகள் சந்திக்கும் புள்ளியில் அலுமினியம் ஓட்டையாகும். எங்கள் தேர்வு, இரண்டு டிஷ்யூக்களைப் பசையால் ஒன்றாக ஒட்டிய இரட்டை டிஷ்யூதான்.

இதற்குப் பசையாக மெத்தில் செல்லுலோஸ் அல்லது சி.எம்.சி. (கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ்) பவுடர் வேண்டும். கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் சி.எம்.சி. கிடைக்கும். 250 மி.லி. தண்ணீருக்கு 5 முதல் 8 கிராம். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். மெத்தில் செல்லுலோஸ் என்றால், முதலில் மூன்றில் ஒரு பங்கு சுடுதண்ணீரில் கலக்கி, மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றுங்கள். ஓர் இரவு வைத்தால் குமிழ் அடங்கி, விளக்கெண்ணெய்ப் பதம் வரும்.

பரிசுப் பொருள் சுற்றும் 17 அல்லது 18 ஜி.எஸ்.எம். டிஷ்யூ போதும். முகம் துடைக்கும் டிஷ்யூ நனைந்தால் கரைந்து போகும். வண்ண டிஷ்யூவின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

சுத்தமான கண்ணாடி மேல் முதல் டிஷ்யூவை உலர்ந்தபடியே விரித்து, 3 அங்குல மென்மையான பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசை தடவுங்கள். இரண்டாவதை ஒரு குழாயில் சுற்றி, ஒரு ஓரத்திலிருந்து உருட்டி விரியுங்கள். கையால் விரித்தால் சுருக்கம் விழும். மேலேயும் பசை தடவி, காற்றுக் குமிழை ஓரத்துக்குத் தள்ளுங்கள். மின்விசிறிக்கு நேராக வைக்காதீர்கள். நடு ஈரமாக இருக்கும்போதே ஓரம் காய்ந்து கிளம்பிவிடும். முழுதும் காய்ந்தபின் ஒரு மூலையைக் கத்தியால் கிளப்பி உரியுங்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம் பளபளக்கும். எது வெளியே வர வேண்டும் என்று மடிக்குமுன் முடிவு செய்யுங்கள்.

மைதா பசை வேண்டாம், பூச்சி அரிக்கும். ஃபெவிகாலும் வேண்டாம், காய்ந்தபின் தண்ணீருக்கு இளகாது. சி.எம்.சி. இளகும். மடித்து முடித்த காலில் ஈர பிரஷ் தொட்டு, வளைத்து, கிளிப் போட்டுக் காயவிட்டால் விறைத்து நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே இதைச் சொல்கிறோம்.

கேள்வி: யானையும் நாயும் மெல்லிய தாளில் சப்பையாக வருகின்றன. என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அடுக்கு குறைந்த இந்த விலங்குகளுக்குக் கனமான தாள்தான் சரி. ஜப்பானிய ஒரிகாமி மேதை அகிரா யோஷிசாவா வளர்த்தெடுத்த ஈர மடிப்பு முறை இதற்கென்றே உள்ளது. 100 முதல் 150 ஜி.எஸ்.எம். ஓவியத் தாளை, பிழிந்த பஞ்சால் இரு பக்கமும் லேசாக ஒற்றுங்கள். தாளின் பளபளப்பு மங்கினால் போதும். மினுமினுத்தால் தண்ணீர் அதிகம், மடிப்பில் பிய்ந்துவிடும். தாளில் ஏற்கெனவே உள்ள பசை இளகி, காயும்போது வளைவைப் பிடித்துக்கொள்ளும். பசை ஏற்றாத, தண்ணீரை உடனே உறிஞ்சும் தாளில் இது நடக்காது.

இன்னொன்று: எந்தத் தாளானாலும் சதுரத்தைச் சரிபாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் 40 செ.மீ. தாளுக்கு 56.6 செ.மீ. வர வேண்டும். ஒன்றுக்கொன்று 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி வெட்டுங்கள். வீட்டில் செய்த தாளைக் காய்ந்தபின்தான் வெட்ட வேண்டும். ஈரம் போகும்போது அளவு மாறும்.