பேரனைக் குண்டன் என்கிறாள் மருமகள்!

கேள்வி: என் மகன் மெக்சிகோ பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறான். வீடியோ காலில் மருமகள் என் பேரனை ‘கோர்தித்தோ, கோர்தித்தோ’ என்று கூப்பிடுகிறாள். குண்டன் என்று அர்த்தமாம். சில நேரம் ‘பாப்பி’ என்கிறாள், அது அப்பாவாம்! கைக்குழந்தையைப் போய் குண்டன் என்றால் கண் படாதா? அவளிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள் அம்மா, அவள் கொஞ்சத்தான் செய்கிறாள். ஸ்பானிஷ் மொழியில் ‘கோர்தோ’ என்றால் குண்டுதான், ஆனால் வாலில் ‘இத்தோ’ ஒட்டியதும் கேலி போய் செல்லம் வந்துவிடும், பெண் பிள்ளையானால் ‘கோர்தித்தா’. ஒல்லிக்குச்சியாக இருக்கும் புருஷனைக்கூட ‘கோர்தோ’ என்று கூப்பிடும் பெண்டாட்டிகள் அங்கே உண்டு. நாம் மட்டும் என்ன, குண்டுப் பையா, குண்டம்மா என்று கன்னத்தைக் கிள்ளாதவர்களா?

பாப்பி விஷயத்தில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. பேரனை ‘வாங்கப்பா, சாப்பிடுங்கப்பா’ என்றும் பேத்தியை ‘அழாதம்மா’ என்றும் சொல்கிறோமே, அதேதான். அங்கே பெண் குழந்தை ‘மாமி’. நம் ஊர் மாமி இல்லை, அம்மா!

சரி, கண் படுவதற்கு வருவோம். அந்தப் பயம் உங்கள் மருமகள் ஊரிலும் உண்டு, பெயர் ‘மால் தெ ஓஹோ’. பிள்ளை அழகு என்று சொன்னவர் அதை ஒரு தடவை தொட்டுவிட வேண்டும், தொடாமல் போனால்தான் கண் படும் என்பார்கள். ‘ஓஹோ தெ வெனாதோ’, அதாவது மான் கண் என்று ஒரு பழுப்பு விதை இருக்கிறது, அதைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தைக்குக் கட்டிவிடுகிற வழக்கம் உண்டு. அடுத்த முறை பேசும்போது பேரனின் மணிக்கட்டைக் கவனியுங்கள். கயிறு இல்லாவிட்டால், கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று உங்கள் மகன் கேட்டாலும் கேட்பான், மருமகள் கேட்கமாட்டாள்.

பதிலுக்கு நீங்களும் கொஞ்ச வேண்டாமா? ‘மி ரெய்’ என்றால் என் ராசா. ‘மி சியேலோ’ என் வானம், ‘மி வீதா’ என் உயிர். பாட்டிகளுக்கு ரொம்பப் பொருந்துவது ‘மிஹித்தோ’, என் மகனே என்பதன் செல்லச் சுருக்கம், பேரன் முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை எல்லோருக்கும் செல்லும். ‘எஸ்குயின்க்லே’ மட்டும் உங்களுக்கு வேண்டாம். வாண்டுப் பயல் என்கிற மாதிரி, மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் நாயைக் குறித்த சொல்லில் இருந்து வந்தது, சேட்டை தாங்காமல் பெற்றவள் திட்டினால் சரி, மாமியார் சொன்னால் வம்பு.

அப்புறம், பையன் விழுந்து அடிபட்டால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே ‘சானா சானா, கொலித்தா தெ ரானா’ என்று பாடுவார்கள். ஆறிடு ஆறிடு, தவளை வாலே, இன்று ஆறாவிட்டால் நாளை ஆறும் என்று போகும். தவளைக்கு ஏது வால் என்று மருமகளைக் கேட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கொண்டோவில் சிலி நாட்டுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. குழந்தையை ‘குவாகுவா’ என்கிறார்கள். போனில் தேடினால் பஸ் என்று வருகிறதே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இரண்டும் சரி. சிலியில் அது கைக்குழந்தை, தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவின் ‘வாவா’விலிருந்து வந்தது. கியூபாவிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் பஸ். உங்கள் பக்கத்து வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள்.