ஓட்டைக் கப்பலுக்கு ஏழு மாலுமி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கப்பல் வேலை ஒவ்வொன்றையும் ஒரு புதிராக ஆடும் ‘பஸில் பைரேட்ஸ்’ என்ற இணைய விளையாட்டை ஒரு மாதமாக ஆடுகிறேன், ஒரு பைசா செலவழிக்காமல். எந்தக் கப்பலில் ஏறினாலும் தண்ணீர் இறைக்கத்தான் விடுகிறார்கள். காசு போட்டு டப்ளூன் என்ற விளையாட்டு நாணயம் வாங்கி, அதிகாரி பேட்ஜும் சொந்தமாக ஒரு ஸ்லூப்பும் (சிறு கப்பல்) எடுத்துவிடலாமா? லெவலே இல்லாத இதை ரோல்-பிளேயிங் விளையாட்டு என்பது சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘இறைக்கத்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் ‘தான்’ இல்லாமல் கடிதம் வந்திருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

லெவல் பற்றிய கேள்வியைத் தள்ளுங்கள். கப்பலில் நீங்கள் பார்க்கும் வேலைதான் உங்கள் பாத்திரம். 2003 டிசம்பரில் த்ரீ ரிங்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டபோதே அடித்தளம் அதுதான்.

நீங்கள் ஏங்கும் அந்தச் சுக்கான் எதில் ஓடுகிறது? சண்டையில் ஸ்லூப்புக்கு ஒரு சுற்றில் நான்கு நகர்வுகள். இடம், வலம், நேர் என்ற டோக்கன்கள் கையில் இருந்தால்தான் நகரலாம். அவற்றைத் தருவது பாய் கட்டுகிறவர்கள். அடித்தட்டில் நீர் ஏறினால் டோக்கன் வருவது மந்தமாகும். தச்சன் ஓட்டையை அடைக்கத் தவறினால் நீர் இன்னும் வேகமாக ஏறும். டோக்கன் இல்லாத தலைவன் குண்டை வாங்கிக்கொண்டு நிற்பான். கப்பல் வாங்கிய அடி அதோடு போவதில்லை. பின்னால் வாள்சண்டை தொடங்கும்போதே உங்கள் பலகையில் கட்டைகளாக வந்து விழும். ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி என்பார்கள். ஸ்லூப்பில் ஏழு பேருக்குத்தான் இடம். அதில் ஒருவர் சலித்துக்கொண்டு இறைத்தால் மீதி ஆறு பேரும் வீண்.

எப்படி இறைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. மூன்று ஒரே நிறம் கண்ணில் பட்டதும் சேர்த்துவிடுகிறீர்கள். அதுதான் தப்பு. பலகை ஆறு நிரல், பன்னிரண்டு வரிசை. பக்கவாட்டில் மட்டும் இரண்டு காய்களை மாற்றலாம். எத்தனை நகர்வில் எவ்வளவு அழித்தீர்கள் என்பதுதான் கணக்கு. ஒரே மாற்றலில் மும்மூன்று காய்களாக இரண்டு வரிசைகள் சேர்ந்து உடைந்தால், தனித்தனியாக உடைப்பதைவிட மதிப்பு அதிகம். புதுக் காய்கள் கீழிருந்து மேலே ஏறுவதால், மேலே அழித்தால் கீழே நீங்கள் அடுக்கி வைத்ததெல்லாம் கலையும். கீழே அழித்தால் மேலே இருப்பது அப்படியே நிற்கும். ஆனால் நீருக்குள் இருக்கும் காய் மெதுவாகத்தான் நகரும். ஆகவே நீர் தாழ்ந்திருக்கும் முதல் நிமிடங்களிலேயே முந்திக்கொள்ள வேண்டும். ஏறவிட்டுப் பிறகு துரத்தினால் பாதிப் பலகை பாகு மாதிரி ஆகிவிடும். காய்களுக்கு நடுவே நண்டு வந்தால் நகர்த்தப் பார்க்காதீர்கள், நகராது. அதற்கு மேலே இருப்பதை உடைத்து நீர்மட்டத்துக்கு மேல் ஏற்றுங்கள், தானே போய்விடும். ஜெல்லி மீனை எந்தக் காயோடு மாற்றுகிறீர்களோ அந்த நிறம் முழுக்க அழியும். அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டப்ளூனா? அதைக் காசுக்குத்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? விளையாட்டில் இருக்கும் வங்கியில், ஆடிச் சம்பாதிக்கும் பணமான பீஸஸ் ஆஃப் எய்ட் கொடுத்து இன்னொரு ஆட்டக்காரரிடம் வாங்கலாம். அவரிடம் பணம் இருக்கிறது, உங்களிடம் நேரம் இருக்கிறது. ஓசியில் ஆடுகிறோமே என்று கூச வேண்டியதில்லை. காசு கொடுத்தால் பேட்ஜ் வரும், கைத்திறன் வராது. இந்த விளையாட்டை நான் மதிப்பது அதனால்தான்.

எரிச்சல் தருவதும் உண்டு. கடையில் செய்யச் சொன்ன வாளைக் கையில் வாங்கவும் டப்ளூன் அழ வேண்டும். அந்த வாளும் சட்டையும் நாளடைவில் தேய்ந்து தூசியாகிவிடும். பொருள் செய்வதே ஆட்டக்காரர்களின் உழைப்பு நேரத்தில் என்பதால், கூட்டம் குறைந்தால் ஆர்டர் கிடையாய்க் கிடக்கும்.

அடுத்த பயணத்தில் நீங்களாகவே கேட்டு பில்ஜில், அதாவது நீர் இறைக்கும் இடத்தில், உட்காருங்கள். பணி அறிக்கையில் உங்கள் மதிப்பீடு மூன்று முறை தொடர்ந்து ‘குட்’டுக்குக் கீழே போகாமல் இருந்தால் எழுதுங்கள். ஸ்லூப்பைப் பற்றி அப்போது பேசலாம்.