வாசகர் கேள்வி – பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய ரியர் வியூ கண்ணாடி

கேள்வி: எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். உள்ளே இருக்கும் ரியர் வியூ கண்ணாடியில் பூச்சு உரிந்து கரும்புள்ளிகள் விழுந்துவிட்டதால் மாற்றுக் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். பழையதில் பிம்பம் ஓயாமல் அதிர்ந்தது. புதியதை, விண்ட்ஸ்கிரீனின் நடுவே நிற்கும் தண்டில் மாட்டாமல் விண்ட்ஸ்கிரீனிலேயே ஒட்டிவிட்டால் அதிர்வு நிற்குமா?

பதில்: ஒட்ட வேண்டாம். 1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காரின் தண்டு கொண்ட மாடல்களில், விண்ட்ஸ்கிரீனின் நடுவே நிற்கும் அந்த மெல்லிய உலோகத் தண்டு கண்ணாடியைத் தாங்குவதற்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. விண்ட்ஸ்கிரீன் சட்டத்தின் மேல்விளிம்பை உடற்பகுதியோடு இழுத்துப் பிடிப்பதும் அதுதான். தண்டு தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல கண்ணாடியை மாட்டினாலும் பிம்பம் நடுங்கவே செய்யும். தண்டு இருக்கும்போது சரியான நடு இடத்தில் ஒட்டவும் முடியாது.

ஆகவே முதலில் தண்டைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் முனையிலுள்ள நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, ஆட்டம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் சட்டம் வளைந்து விண்ட்ஸ்கிரீனுக்கு அழுத்தம் கொடுக்கும். பிறகு தண்டில் படிந்த துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட்டு, புதிய கண்ணாடியைத் தண்டில் பிடிக்கும் கிளாம்ப் அதில் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். மாற்று உதிரிபாகங்களில் இந்த அளவுதான் பெரும்பாலும் காலை வாரும். துளை சற்றுப் பெரிதாக இருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றிக்கொள்ளலாம். பலரும் ரப்பரை வைப்பார்கள். ரப்பர் நசுங்கி விரிவதால் கண்ணாடி அதன்மேல் ஊசலாடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்க்ரூவை முழுதாக இறுக்குவதற்கு முன், வழக்கமாக ஓட்டும் நிலையிலேயே இருக்கையில் அமர்ந்து, கண்ணாடியைத் தண்டில் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். மேற்கூரையைப் போட்ட நிலையிலும் மடித்த நிலையிலும் பின்சாலை தெரிய வேண்டும். அதே சமயம், உயரமானவர்களுக்குக் கண்ணாடியே முன்சாலையை மறைத்துவிடக் கூடாது. இந்த இரண்டாவது சோதனையைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் வளைவில் எதிரே வரும் வாகனம் அந்தச் சிறு மறைப்புக்குப் பின்னால் முழுதாக ஒளிந்துகொள்ள முடியும்.

வாங்கிய கண்ணாடி தட்டையானதுதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். குவிந்த கண்ணாடி அதிகப் பரப்பைக் காட்டினாலும் பின்னால் வரும் வண்டியை உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டும். இரவு விளக்கொளியைக் குறைக்கும் நெம்புகோல் உள்ள வகையானால், அதைப் பகல் நிலையில் வைத்தே கோணத்தை அமையுங்கள். இரவு நிலையில் நாம் பார்ப்பது பின்புற வெள்ளிப்பூச்சை அன்று, சுமார் 4 விழுக்காடு ஒளியை மட்டுமே திருப்பும் முன்புறக் கண்ணாடிப் பரப்பை.

கேள்வி: என் காரில் விண்ட்ஸ்கிரீனில் ஒட்டிய உலோகப் பட்டனில்தான் கண்ணாடி நிற்கிறது. சாதாரண உடனடிப் பசையால் ஒட்டினேன். வெயிலில் கழன்று விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பசை கெட்டியானதும் நொறுங்கும் தன்மையுடையதாகிவிடும், கண்ணாடியும் உலோகமும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால் பிடி விட்டுவிடுகிறது. ரியர் வியூ கண்ணாடிக்கென்றே விற்கப்படும் பசையை வாங்குங்கள். பழைய பசையை பிளேடால் முழுதும் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டனின் இடத்தை விண்ட்ஸ்கிரீனின் வெளிப்புறத்தில் மெழுகுப் பென்சிலால் குறித்துக்கொண்டு ஒட்டுங்கள். கண்ணாடியை மறுநாள் மாட்டினால் போதும்.