கள்ளுக்கடைய மூடச் சொன்னது யாருகிட்ட?

கேள்வி: அண்ணே, நம்ம ஆளுங்க போடுற காமெடி வீடியோ எல்லாமே கடைசில அட்வைஸாதான் முடியுது. தோட்டத்து ஆளு குடிக்கிறான், பிள்ளைங்க கேங்ல சேருதுன்னு சிரிக்க வச்சுட்டு, அப்புறம் சோக மியூசிக் போட்டு 'சிந்திப்போம் உறவுகளே'ன்னு எழுத்து ஓடுது. நிருபருங்க அதையே நியூஸாவும் போடுறாங்க. எனக்கு மட்டும்தான் இப்படி எரிச்சலா இருக்கா?
- ஒரு வாசகர், பந்திங், மலேசியா

பதில்: உங்களுக்கு மட்டும் இல்ல தம்பி, இங்க கோப்பிக்கடைல உக்காந்தா பாதிப் பேரு இதத்தான் பேசுறாங்க, பேசிட்டு அந்த வீடியோவ வாட்சப்ல தள்ளியும் விடுறாங்க, அது வேற கதை.

அந்த வீடியோல யாரு என்ன உடுத்தியிருக்காங்கன்னு பாத்திருக்கீங்களா? குடிகாரன்னா கைலி, கிழிஞ்ச பனியன். புத்தி சொல்றவருக்கு இஸ்திரி போட்ட சட்டை. அடி வாங்குறது எப்பவும் கைலிக்காரன்தான். அந்த மலிவுச் சாராயம், சம்சு பாட்டில வித்தது யாரு, லைசன்ஸ் இருக்கா, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற லயத்து வீடுங்களுக்குப் பக்கத்துல கடை எப்படி வந்துச்சுன்னு ஒருத்தரும் ஜோக் அடிக்க மாட்டாங்க, ஏன்னா கடைக்காரர் ஸ்பான்சர் பண்ணாலும் பண்ணுவாரு.

குடிய கண்டிக்கறது நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. 1941ல இதே கிள்ளான் வட்டாரத்துல பால்மரத் தொழிலாளிங்க, அதான் ரப்பர் தோட்டத்து ஆளுங்க, ஸ்ட்ரைக் பண்ணப்ப கள்ளுக்கடைய மூடுன்னும் ஒரு கோரிக்கை வச்சாங்க. அத வச்சது வெள்ளைக்கார முதலாளிகிட்ட, குடிக்கிறவனப் பாத்து இல்ல. அதோட சீனத் தொழிலாளிக்குக் குடுக்குற சம்பளம் எங்களுக்கும் வேணும், வெள்ளைக்கார துரையோ தோட்டத்து ஆபீஸ் கிராணியோ எதுக்க வந்தா சைக்கிள விட்டு இறங்கணும்ங்கற வழக்கத்த நிறுத்துன்னும் கேட்டாங்க. அதுக்கு முன்னாடி நின்ன ஆர்.எச். நாதன் யாரு தெரியுமா? தமிழ் நேசன் பத்திரிகைல வேலை பாத்தவரு. பிடிச்சு உள்ள போட்டு இந்தியாவுக்கே கப்பலேத்திட்டாங்க. பட்டாளத்த எறக்கி சுட்டதுல தொழிலாளிங்க செத்தும் போனாங்க.

இப்ப நம்ம நிருபரு என்ன பண்றாரு? டிக்டாக் ஸ்கிரீன்ஷாட், 'இணையவாசிகள் நெகிழ்ச்சி'ன்னு தலைப்பு, யாரு நெகிழ்ந்தாங்கன்னா கமெண்ட்ல மூணு பேரு. தலைவரு ஆபீஸ்லேருந்து வர்ற அறிக்கைய எழுத்துப்பிழையோட அப்படியே போடறது, நன்கொடை குடுக்கறப்ப போட்டோவுக்குன்னே பெருசா அடிச்ச டம்மி காசோலைய (மாக் செக்) தூக்கிக்கிட்டு பல்லக் காட்டுற போட்டோ, அவ்வளவுதான். அதுல இல்லாத காமெடியா வீடியோல இருக்கு!

சரி, அவங்க பக்கமும் இருக்கு. தமிழ்ப் பத்திரிகைல சம்பளம் என்ன லட்சணம்னு எனக்குத் தெரியும், 1924ல ஆரம்பிச்ச அந்தத் தமிழ் நேசனே 2019ல மூடிட்டாங்க. இருந்தாலும் போன் எடுத்து ஒரு கேள்வி கேக்க என்ன செலவாயிடும்? தோட்டத்து வீட்டுக்கு தண்ணி, கரண்ட் குடுக்கறது முதலாளி பொறுப்புன்னு 1990லயே சட்டம் இருக்கு, 446ஆவது சட்டம். சட்டப்படி குறைஞ்சபட்ச மாசச் சம்பளம் 2025லேருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). இந்த ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு ஒரு தோட்டத்துக்குப் போயி, சம்பளச் சீட்ட காட்டுங்கண்ணே, குழாயத் தொறந்து காட்டுங்கக்கான்னு கேட்டாலே ஒரு பக்கம் நியூஸ் வந்துரும்லா. லேபர் ஆபீஸ்ல பதில் சொல்லலைன்னா அதையும் எழுதலாம், 'பதில் இல்லை'ங்கறதும் செய்திதான்.

காமெடி பண்றவங்கள நான் தடுக்கல, நல்லாவே நடிக்கறாங்க பசங்க. கைலிய அவுத்துட்டு ஒரு தடவ கோட்டு போட்டு நடிங்கப்பா, மேனேஜரா, டத்தோவா, தேர்தலுக்கு மட்டும் தோசை சாப்பிட வர்ற ஒய்பியா, அதான் நம்ம மக்கள் பிரதிநிதியா. அதுக்கு சோக மியூசிக்கே தேவைப்படாது, ஆனா ஸ்பான்சர் கிடைக்க மாட்டாரு.

தம்பி, நீங்க எரிச்சல்னு மட்டும் எழுதியிருக்கீங்க, உங்க லயத்துல தண்ணி எப்படி வருது, பிள்ளைங்கள பாத்துக்கற ஆயா கொட்டகை திறந்திருக்கா, சம்பளச் சீட்டுல என்ன பிடிக்கறாங்கன்னு ஒரு வரி இல்ல. எழுதி அனுப்புங்க, பேரு போட மாட்டோம்.